ஒனிட்டா ஏன் முள்கம்பி மேடைக்கு வந்தார்?

கேள்வி:
ஆல் ஜப்பான் என்ற பெரிய மல்யுத்த நிறுவனத்தில் வளர்ந்த அட்சுஷி ஒனிட்டா, கயிற்றுக்குப் பதிலாக முள்கம்பி கட்டிய மேடையை ஏன் தேர்ந்தெடுத்தார்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முழங்கால்தான் காரணம். 1982இல் இளநிலை எடைப்பிரிவில் பட்டம் வென்று ஏறுமுகத்தில் இருந்தவர், மறு ஆண்டே முழங்கால் நொறுங்கி, 1985இல் ஓய்வுபெற நேர்ந்தது. பழைய வேகம் திரும்பாது என்றான நிலையில், 1989இல் சொற்பப் பணத்துடன் எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்த மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கிய அவர், வேகத்தால் தர இயலாததை ஆபத்தாலும் கண்ணீராலும் தந்தார். 1990 ஆகஸ்டில் டோக்கியோவில் டார்சன் கோட்டோ என்ற வீரருடன் மோதியபோது, உடல் பட்டதும் வெடிக்கும் முள்கம்பி மேடையைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

மறுமொழி 2:
என்னை ஆட்கொண்டது 1993 மே 5 அன்று கவாசாகி விளையாட்டரங்கில் அமெரிக்க வீரர் டெர்ரி ஃபங்குடன் நடந்த ஆட்டம். வென்று வெளியேறிய ஒனிட்டா, நேரம் குறித்து வைத்த வெடிகளால் மேடை வெடிக்கச் சில நொடிகளே இருந்தபோது திரும்பி ஓடி, மயங்கிக் கிடந்த ஃபங்கின் மேல் படுத்து அவரைத் தம் உடலால் மூடினார். திட்டமிட்ட காட்சியே என்றாலும், இப்போது பார்க்கும்போதும் நெஞ்சு பதறுகிறது.

மறுமொழி 3:
1995இல் ஹயபுசா என்ற வீரருடன் ஆடி விடைபெற்ற ஒனிட்டா மீண்டும் மீண்டும் மேடையேறியது, அந்த விடைபெறுதலின் கனத்தைக் குறைத்துவிட்டது என்றே வருந்துகிறேன். 2001இல் அவர் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்கும் தேர்வானார்.