வீட்டுக் குழுவில் லிடியா மரியா சைல்ட்

மகி: பெரியம்மா, சனிக்கிழமை பேச்சுப் போட்டி. அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்து எழுதிய ஒரு பெண்ணைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். யாரை எடுக்கலாம்?

சித்தப்பா: ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் இருக்கிறாரே.

பெரியம்மா: அவரைத்தான் பாதிப் பேர் எடுப்பார்கள். நீ லிடியா மரியா சைல்டை எடு. ஸ்டோவின் நாவல் 1852-இல் வந்தது. இவர் 1833-லேயே அடிமைகளை உடனே விடுவிக்கச் சொல்லிப் புத்தகம் போட்டவர்.

அம்மா: கேள்விப்பட்டதே இல்லையே அக்கா.

பெரியம்மா: அந்த நாளில் அவர் ரொம்பப் பிரபலம். 1829-இல் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துவது பற்றி எழுதிய புத்தகம் பல பதிப்பு போனது. சிறுவர் பத்திரிகையும் நடத்தினார். கணவர் வக்கீல், ஆனால் எப்போதும் கடன். இவர் எழுத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சித்தப்பா: அப்புறம் ஏன் இதில் இறங்கினார்?

பெரியம்மா: மனசு கேட்கவில்லை. அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களை மட்டும் திட்டியிருந்தால் பாஸ்டன்காரர்கள் கைதட்டியிருப்பார்கள். அவர் தன் ஊரையே கேட்டுவிட்டார். கறுப்பரும் வெள்ளையரும் மணக்கக் கூடாது என்று பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டம் இருந்தது. அதை நீக்குங்கள் என்று அந்த 1833 புத்தகத்தில் எழுதினார். அவ்வளவுதான், பெற்றோர்கள் சிறுவர் பத்திரிகைச் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். 1834-இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பாஸ்டன் அத்தீனியம் நூலகம், அங்கே புத்தகங்களைப் பயன்படுத்தக் கொடுத்திருந்த அனுமதியையும் பறித்துக்கொண்டது.

மகி: இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

பெரியம்மா: நன்றாகத் தெரியும் கண்ணு. கேலியும் கண்டனமும் வரும், ஆனால் அதற்கு அஞ்ச முடியாது என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். சோறு போடும் வாசகரை இழப்போம் என்று தெரிந்தே எழுதினார் பார், எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

அம்மா: கணவர் ஒன்றும் சொல்லவில்லையா?

பெரியம்மா: அவரும் இதே கட்சிதான். அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் பீட்ரூட் பயிரிட்டுச் சர்க்கரை காய்ச்சிப் பார்த்தார். கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். 1841-இல் லிடியா நியூயார்க் போய் அடிமை ஒழிப்பு வார இதழுக்கு ஆசிரியரானார்.

மகி: இவ்வளவும் மூன்று நிமிடத்தில் அடங்காதே!

பெரியம்மா: 1833-ஐ மட்டும் விரிவாகச் சொல். ஆனால் ஹேரியட் ஜேக்கப்ஸ் பெயரை விட்டுவிடாதே. அடிமையாகப் பிறந்து, தப்பிப்பதற்காகப் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத இடுக்கில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். தன் கதையைத் தானே எழுதினார். 1861-இல் அது வெளிவந்தபோது பதிப்பாசிரியர் நம் லிடியாதான். சரி, இன்று ராத்திரிக்குள் எழுதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.