மாட்டுடன் மோதிய காருக்கு நட்டஈட்டில் கால்வாசியைக் கழிப்பது சரியா?

கேள்வி: கிளிநொச்சி வாசி

கடந்த மாதம் இரவு ஒன்பதரை மணியளவில் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் திரும்பிக்கொண்டிருந்தபோது, கனகராயன்குளத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், வீதியில் படுத்திருந்து திடீரென எழுந்த மாடொன்றுடன் எனது கார் மோதியது. முன்பம்பர், பொனற், இடப்பக்க ஹெட்லைற், ரேடியேற்றர் ஆகியன சேதமடைந்தன. எவருக்கும் காயமில்லை, மாடும் எழுந்து பற்றைக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் காப்புறுதி நிறுவனத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்து, நண்பரின் வாகனத்தில் கயிறு கட்டி இழுத்துவந்து கராச்சில் விட்டுவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கே அழைத்தேன்.

தாமதத்துக்கு இப்போது எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தொகையில் இருக்கிறது. கராச்சின் மதிப்பீடு 4 இலட்சம் ரூபா. அவர்கள் ஏற்பது 3 இலட்சம். காரின் சந்தைப் பெறுமதி 60 இலட்சமாக இருக்க, நான் 45 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறேன் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கார் முழுதாக அழிந்தால் 45 இலட்சத்துக்கு மேல் கிடைக்காது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் 4 இலட்சம் 45 இலட்சத்துக்குள் அடங்கும் தொகைதானே?

மறுமொழி: முன்னாள் மதிப்பீட்டாளர், வவுனியா

உங்கள் கேள்வி நியாயமானது, ஆயினும் கணக்கு அப்படிப் போவதில்லை. பெறுமதியைக் குறைத்துக் காப்புறுதி செய்தவர், குறைந்த பங்குக்குத் தாமே காப்புறுதியாளர், அதாவது அந்தப் பங்கு நட்டத்தைத் தாமே ஏற்க வேண்டியவர், என்று கொள்ளும் நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. அதைச் சராசரி நிபந்தனை என்பார்கள். 60இல் 45 முக்கால் பங்கு. ஆகவே எந்தச் சேதமானாலும் முக்கால் பங்குதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போக, பலர் ஆண்டுதோறும் பழைய தொகைக்கே புதுப்பித்து, இந்தப் பொறியில் விழுந்தார்கள். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று நானும் என் காருக்கு ஒரு வருடம் அப்படிச் செய்தவன்தான்.

ஆனால் 60 இலட்சம் என்ற எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளில் அதே ஆண்டு, அதே வகை, ஏறக்குறைய அதே ஓட்டத் தூரமுள்ள கார் என்ன விலைக்குப் போனது என்பதற்கு வாகன விற்பனையாளர் இருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 54 இலட்சம் என்று நிறுவினாலே உங்கள் பங்கு ஆறில் ஐந்தாகி, 4 இலட்சத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 33 ஆயிரம் வரும். அதோடு, குறிப்பிட்ட வீதம் வரையான குறைவைப் பொருட்படுத்துவதில்லை என்ற விலக்கு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொகையும் விபரங்களும் உள்ள அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், பின்னால் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளையும் வாசிக்க வேண்டும்.

தாமத விளக்கத்தை ஒரு பக்கத்துக்குள் நேர்மையாக எழுதுங்கள். இந்த நிறுவனங்களின் அவசர இலக்கங்கள் இரவிலும் இயங்குகின்றன என்பதை இனியாவது நினைவில் வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை வாகனத்தை அசைக்காதிருப்பதே பாதுகாப்பு. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் பொலிசுக்கு அறிவிப்பது சட்டக் கடமையாகவும் ஆகியிருக்கும்.

மறுமொழி: பரந்தன் கராச்காரர்

தம்பி, காரைக் கழுவ விட்டீர்களா? மாடு மோதிய வாகனங்களில் உடைந்த ஹெட்லைற்றின் விளிம்பில் மயிர் சிக்கியிருக்கும். இடத்தில் பார்வையிடாத விபத்துக்கு அதைவிடச் சாட்சி கிடையாது. கராச்சில் வேலை தொடங்கியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பம்பரைக் கழற்றிய பிறகுதான் ஏசி கொண்டென்சர் வளைந்திருப்பதும், முன்சட்டம் சற்று உள்ளே போயிருப்பதும் தெரியவரும். அப்போது மதிப்பீட்டாளரை இரண்டாம் முறை அழைத்து அவற்றையும் பதியவைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை எறியக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நல்லவேளை, கழுவவில்லை. இன்று போய்ப் பார்த்தபோது ஹெட்லைற் சட்டத்தின் வெடிப்பில் செந்நிற மயிர் ஒரு கொத்து அப்படியே இருந்தது; அருகில் கார் இலக்கத்தகடும் தெரியும்படி படம் எடுத்துவிட்டேன். மாட்டுக்காரரிடம் நட்டஈடு கேட்க முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மறுமொழி: முன்னாள் மதிப்பீட்டாளர், வவுனியா

மாட்டின் சூட்டுக்குறி எது என்று பார்த்தவர் எவருமில்லாமல் உரிமையாளரை நிறுவுவது கடினம். அந்த வழியில் காலத்தைச் செலவிடாதீர்கள். முக்கியமானது வேறொன்று. காசோலையுடன் ஒரு பற்றுச்சீட்டு நீட்டுவார்கள். அதில் “முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்” என்ற வாசகம் இருந்தால், பெறுமதி பற்றிய உங்கள் ஆட்சேபனைக்கு எழுத்தில் பதில் வரும்வரை கையொப்பமிடாதீர்கள். நிறுவனத்தின் இறுதிப் பதிலும் திருப்தியளிக்காவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறைப்பாடு செய்யலாம், தமிழிலேயே எழுதுங்கள். கார் லீசிங்கில் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், ஏனெனில் பதிவுப் புத்தகத்தின்படி முழு உரிமையாளர் அவர்களே.