சிங்கப்பூர் எஃப்1 கார் பந்தயம்: காரைக்குடியிலிருந்து போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: அக்டோபர் பந்தயத்துக்கு அப்பச்சியோடு போக எண்ணம். அவருக்கு முழங்கால் வலி. எந்த டிக்கெட், எங்கே தங்கலாம்? விசா எப்போது போடணும்?

பதில் 1: முதலில் டிக்கெட், ஹோட்டல். விமானம் அப்புறம்தான். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கு, சென்னை போக வேண்டாம். பந்தய வாரத்தில், பந்தயம் நடக்கும் மரீனா பே பக்கம் அறை வாடகை எகிறும். லிட்டில் இந்தியாவில் தங்குங்க. அங்கிருந்து டவுன்டவுன் லைன் மெட்ரோவில் ரோச்சோர், பூகிஸ் தாண்டினால் பந்தயத் தடத்துக்குப் பக்கத்திலுள்ள ப்ராமனாட், மூணாவது ஸ்டேஷன்.

நடந்து திரிஞ்சு பார்க்கும் வாக்அபவுட் டிக்கெட் மலிவுதான், ஆனா இருக்கை கிடையாது. முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. இருக்கையுள்ள கிராண்ட்ஸ்டாண்ட் எடுங்க. பாடாங் ஸ்டாண்ட் சோன் 4-ல் (சோன்னா பந்தய இடத்தின் ஒரு பகுதி). கச்சேரி மேடை பக்கம், சிட்டி ஹால் ஸ்டேஷனிலிருந்து நடை குறைவு. ஒண்ணு, சோன் 4 டிக்கெட்டில் பிட் (கார்களுக்கு டயர் மாத்தும் இடம்) இருக்கும் சோன் 1-க்குள் விடமாட்டாங்க.

பதில் 2: விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியா, பயணத்துக்கு முந்தின ஒரு மாதத்துக்குள் போடணும். விசா விண்ணப்பமான படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் 35×45 மி.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள். எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூர் வருகைக்கான ஆன்லைன் படிவம்) இறங்கும் நாளோடு சேர்த்து முந்தின மூணு நாளுக்குள் நிரப்பணும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

பதில் 3: அண்ணே, பந்தயம் ராத்திரி 8 மணிக்கு, நம்ம நேரம் சாயங்காலம் 5.30. மழைக்குக் குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், ரெயின்கோட் போதும். காதடைப்பான் கட்டாயம். அப்பச்சி புகையிலை போடுவாரென்றால் வீட்டிலேயே வைச்சுட்டு வரச் சொல்லுங்க, அங்கே மெல்லும் புகையிலைக்குத் தடை.