முன்சூல்வலிப்பா, சூலழுத்த நோயா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவக் கையேட்டில், கர்ப்பத்தால் வரும் வலிப்பான எக்ளாம்ப்சியாவுக்குச் "சூல்வலிப்பு" என்கிறோம், சரி. அதன் தலையில் ஓர் ஒட்டைச் சேர்த்து, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைத் தாக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியாவை "முன்சூல்வலிப்பு" ஆக்கியதுதான் இடிக்கிறது. முன் + சூல்வலிப்பு என்றால் வலிப்புக்கு முந்திய நிலை. முன்சூல் + வலிப்பு என்று பிரித்தால் முந்தைய கர்ப்பத்தில் வந்த வலிப்பு. நோயாளியின் பழைய வரலாறு எழுதும் இடத்தில் இந்தக் குழப்பம் சும்மா போகாது. முந்தைய கர்ப்பத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்தவருக்கு அடுத்த கர்ப்பத்தில் 12 வாரம் முதல், 16 வாரம் தாண்டும் முன்பே, தினம் 75 முதல் 150 மி.கி. வரை ஆஸ்பிரின் தொடங்குகிறோம். அவருக்கு வந்தது வலிப்பா, வெறும் அழுத்தமா, இந்த நோயா என்பது எழுத்திலேயே தெரிய வேண்டும்.

இன்னொன்று: இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதே இல்லை. வலிப்பு வராமலே சிறுநீரகம் பழுதாகலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளையில் ரத்தம் கசியலாம்.

என் பரிந்துரை: வெறும் அழுத்தத்துக்குச் சூலழுத்தம், ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்குச் சூலழுத்த நோய், எக்ளாம்ப்சியாவுக்குச் சூலழுத்த வலிப்பு. மூன்றும் ஒரே வேரில் நிற்கும்.

———

> சூலழுத்தம், சூலழுத்த நோய்

வேர் ஒன்றாக இருப்பதுதான் எனக்குப் பயம். அவசரத்தில் எழுதுகிறவர் "நோய்" என்பதை விட்டுவிட்டால் நோயே மாறிவிடும்.

20 வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இருமுறை, மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அல்லது அதற்கும் மேல்: இது அழுத்தம் மட்டும். இதோடு 24 மணி நேரச் சிறுநீரில் 300 மி.கி. புரதம் இருந்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா. புரதம் இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1 லட்சத்துக்குக் கீழே போனாலோ, கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.1 மி.கி.யைத் தாண்டினாலோ, ஈரல் நொதிகள் இருமடங்கு ஆனாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, மருந்துக்கு அடங்காத தலைவலியோ கண்முன் பூச்சி பறப்பதோ இருந்தாலோ அதுவும் ப்ரீஎக்ளாம்ப்சியாதான். 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி புரதம் கட்டாயமில்லை என்று வரையறையைத் திருத்தியது. ஆகவே புரதத்தை வைத்துப் பெயர் கட்டும் யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடலாம்.

பிரசவ நேரத்தை முடிவு செய்வதும் இந்த வேறுபாடுதான். கடுமையில்லாத ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு 37 வாரம் வரை பொறுக்கலாம். கடுமையானதற்கு 34 வாரமே எல்லை. தாயின் நிலை மோசமானால் அதுவரைகூடக் காத்திருக்க மாட்டோம்.

———

ஒரு மாற்றுச் சொல்: "நஞ்சுக்கொடி அழுத்தநோய்".

நோயின் மூலம் நஞ்சுக்கொடியில் (பிளசெண்டா) இருக்கிறது. கருப்பையின் சுருள் தமனிகள் கர்ப்பத்தில் அகன்று தளர வேண்டும். அவை குறுகலாகவே நின்றுவிட்டால் ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் மிகுதியாக விடுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அவை பிடித்துவைத்துக்கொள்கின்றன. அழுத்தம் ஏறுவது, புரதம் ஒழுகுவது, ஈரல் கெடுவது எல்லாம் அதன் விளைவுகள். கருவே இல்லாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பத்திலும், அதுவும் 20 வாரத்துக்கு முன்பே, இந்நோய் வருகிறது என்பதைவிட வேறு சான்று வேண்டுமா?

———

அறிவியல் சரி, சொல் ஆகாது. "நஞ்சு" என்று காதில் விழுந்ததும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி "விஷம் ஏறிவிட்டதா?" என்பதுதான். ரத்தத்தில் ஏதோ நச்சுப்பொருள் சுற்றுகிறது என்று நம்பி முன்பு இதை டாக்சீமியா என்றார்கள். அந்தப் பெயர் வழக்கொழிந்ததே நல்லது, மீண்டும் கொண்டுவர வேண்டாம். நஞ்சுக்கொடிக்கு இலங்கைப் பாடநூல்கள் தரும் "சூல்வித்தகம்" அந்தப் பழியிலிருந்து தப்பிய அழகான சொல். ஆனால் "சூல்வித்தக அழுத்தநோய்" என்று சீட்டில் யார் எழுதுவார்?

"கர்ப்பகால" என்ற அடைமொழியும் வேண்டாம். "காலம்" வந்தால் பிள்ளை பிறந்ததும் முடிந்தது என்று பொருளாகிறது. பிறந்தபின் முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 6 வாரம் வரைகூட நோய் தலைகாட்டலாம். "சூல்" என்பது காலத்தைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்வதால் அது நிற்கட்டும்.

———

> சூலழுத்த வலிப்பு

இதில் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் வலிப்பு நிற்கும் என்று இந்தச் சொல் நினைக்கவைக்கும். அழுத்தம் அவ்வளவு ஏறாதவருக்கும் வலிப்பு வருவதுண்டு. வலிப்பைத் தடுப்பது மக்னீசியம் சல்பேட். அதை ரத்தக்கொதிப்பு மருந்தாக நம்பக் கூடாது. 160/110 தொட்டால் லேபட்டலால் அல்லது நிஃபெடிபினைத் தனியாக, 30 முதல் 60 நிமிடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே பழைய "சூல்வலிப்பு" போதும். பிரசவ வலி என்று காதில் விழக்கூடும் என்பதால், பேச்சில் "சூல் வலிப்பு, ஃபிட்ஸ்" என்று சேர்த்தே சொல்லலாம்.

மக்னீசியம் பற்றி எழுதும்போது முதல் மருந்தளவைச் (லோடிங் டோஸ்) "சுமை அளவு" என்கிறார்கள். யாருக்குச் சுமை? "தொடக்க அளவு" என்போம், பின்வருவது "தொடரளவு". மக்னீசியம் கொடுக்கும் பிரிட்சார்டு முறையில் தொடக்க அளவு 14 கிராம்: 4 கிராம் சிரைவழி மெதுவாக, ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம் ஆழ்ந்த தசை ஊசி. தொடரளவு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், புட்டம் மாற்றி மாற்றி. பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. ஒவ்வொரு தொடரளவுக்கும் முன் முழங்காலைத் தட்டினால் கால் உதற வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வந்திருக்க வேண்டும். முதலில் மறைவது கால் உதறல்; மூச்சு அடங்குவது அதன் பிறகு. மக்னீசியத்தின் முறிமருந்தான 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. கட்டிலருகே இருக்கட்டும்.

"நரம்பு ஊசி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பேச்சில் சரி, கையேட்டில் "சிரைவழி".

———

அப்படியானால் மூன்றையும் வெவ்வேறு முதற்சொல்லில் நிறுத்துவோம். கர்ப்பத்தில் வரும் அழுத்தம் மட்டும்: கர்ப்ப ரத்தக்கொதிப்பு. ப்ரீஎக்ளாம்ப்சியா: சூலழுத்த நோய். எக்ளாம்ப்சியா: சூல்வலிப்பு. எந்தச் சொல்லைக் குறுக்கினாலும் இன்னொன்றாக மாறாது. ஏற்கெனவே கொதிப்பு உள்ளவருக்கு இந்நோயும் சேர்ந்தால் "கொதிப்பின்மேல் சூலழுத்த நோய்".

("சூலுறுப்பு நோய்" என்று தனிமடலில் எழுதியவருக்கு: சூலகக் கட்டி என்று நினைப்பார்கள்.)

ஹெல்ப் நோயை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. சிவப்பணுச் சிதைவு, ஈரல் நொதி உயர்வு, தட்டணுக் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்த இதற்கு 1982இல் வைன்ஸ்டைன் வைத்த பெயர் அது. சிலருக்கு அழுத்தம் ஏறாமலே வருவதால் "அழுத்தம்" என்ற சொல் அதற்குள் நுழையவே கூடாது. வலப்பக்க மேல்வயிற்று வலியை வாயு என்று எண்ணி விட்டுவிடும் ஆபத்து வேறு. ஒலிபெயர்ப்போடு விரிவையும் எழுதுவோம்.

———

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நோயாளி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் சீட்டில் தமிழ்ச்சொல் தனியாக நிற்கக் கூடாது. "சூலழுத்த நோய், ப்ரீஎக்ளாம்ப்சியா, கடுமையானது" என்று ஒரே வரியில் இருக்கட்டும். அதன்கீழே கடைசி ரத்த அழுத்தம், மக்னீசியம் கொடுத்த நேரம், அளவு.