பொய்யைக் காவல் காத்தவர்கள்: பர்மாத் தமிழர் அனுபவப் பகிர்வு

பெகுக்காரன்:

பொய் சொல்வது பாவமா என்று கேட்டால் எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கிறது. நான் கேட்பது வேறு. ஒருவர் சொன்ன பொய்யை நீங்கள் காவல் காக்க நேர்ந்தது உண்டா? எனக்கு உண்டு. பதினோரு வயதில் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 சாட் (பர்மாவின் பணம்) நோட்டுகள் இனிச் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1985-இல், 20, 50, 100 சாட் நோட்டுகளை ஒழித்தபோது ஓரளவுக்காவது மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்த முறை மாற்றித் தருகிற பேச்சே இல்லை. கையில் இருந்தது காகிதம், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அன்று மாலை எந்த வீட்டிலும் அடுப்பு எரிந்ததாக எனக்கு நினைவில்லை.

பாட்டியிடம் 75 சாட் நோட்டுகள் நாற்பது இருந்தன. அரிசிப் பானைக்குப் பின்னால், பழைய லுங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தார். மூவாயிரம் சாட். அரிசி ஆலையில் கணக்கு எழுதிய அப்பா எத்தனை ஆண்டு உழைத்தாலும் அப்படி ஒரு தொகையை மிச்சம் பிடித்திருக்க முடியாது. பாட்டி 1964-இலேயே ஒருமுறை அடிபட்டவர். அந்த ஆண்டு மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தாத்தாவின் துணிக்கடையும் பெட்டியிலிருந்த பணமும் இரண்டே மாதங்களில் போயின. அடுத்த ஆண்டு தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். உறவில் பாதிப் பேர் சென்னைக்குக் கப்பலேறினார்கள். பாட்டி மட்டும் அசையவில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் அப்பா அந்தப் பொய்யைச் சொன்னார். "ஆலைக்கு வருகிற பெரிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும், அம்மா. நம்முடையதை மட்டும் மாற்றித் தருவார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்."

பாட்டி நம்பிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. நம்பியவர் பணத்தைக் கேட்பாரே!

அந்த மாதமே புதிதாக 45, 90 சாட் நோட்டுகள் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண்தான் ஆட்சியாளருக்கு ராசி என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா கடன் வாங்கி, மாதாமாதம் இரண்டு மூன்று 90 சாட் நோட்டுகளைப் பாட்டியிடம் கொடுத்தனுப்புவார். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. "ஐயா கொடுத்தனுப்பினார்" என்று சொல்ல வேண்டும். எந்த ஐயா, எப்படி இருப்பார் என்று பாட்டி துருவுவார். நான் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் கொஞ்சம் வழுக்கையும் கொடுத்தேன். பிறகு அப்பா வேறு விதமாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, வழுக்கையை அவரிடம் ஓடிப்போய் ஒப்பித்தேன்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆனால் கணக்கில் புலி. முப்பத்துமூன்று தொண்ணூறுகள் வந்து சேர்ந்ததும், "மீதி முப்பது எங்கே?" என்று கேட்டார். தப்பிப் பிழைத்திருந்த 15 சாட் நோட்டுகள் இரண்டைத் தேடிக் கொடுத்தோம். அதற்குள் அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. மணிக்கட்டில் வீக்கம், பொன் உறுத்துகிறது என்று அம்மா பாட்டியிடம் சொன்னார். பாட்டி தினமும் எண்ணெய் தடவிவிட்டார். இல்லாத வீக்கத்துக்கு மாமியார் எண்ணெய் தடவ, மருமகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதுவரை கேட்டால் அன்பான குடும்பம் என்று தோன்றும். எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வெற்றிலைக் கடை வைத்திருந்தார். மகளின் திருமணத்துக்காக நிலத்தை விற்று வைத்திருந்த காசு முழுவதும் அந்தச் சனிக்கிழமை போயிற்று. எங்கள் பாட்டி சும்மா இருந்தாரா? "தெருவே இழந்தது, என் மகன் மட்டும் மாற்றிக் கொண்டுவந்துவிட்டான்" என்று வாசலில் உட்கார்ந்து பெருமை பேசினார். மறுநாள் காலை தாத்தா ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் மாலைக்குள் பாட்டியின் காதுக்குப் போய்விடும். "அந்த வழி அடைத்துவிட்டது, மாமா" என்றார். தாத்தா பையை எடுத்துக்கொண்டு போனார். சாகும்வரை அப்பாவின் முகத்தில் அவர் விழிக்கவில்லை. வழி தெரிந்தும் தனக்கு மட்டும் காட்டவில்லை என்ற எண்ணத்தோடேயே போய்விட்டார். அந்த மகளின் திருமணமும் நடக்கவில்லை.

அப்பா நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்கவில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தாகெட்டா அக்கா:

தம்பி, அம்மாவின் மணிக்கட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

என்னுடையது சின்ன விஷயம். இங்கே இருப்பவர்களுக்கு "ஆனாடெ" பற்றி விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறரைச் சங்கடப்படுத்த மனம் கூசுவதற்குப் பர்மியர் சொல்லும் சொல் அது. நம் "கூச்சம்" அதில் பாதி, "சங்கோஜம்" மீதி. அந்தக் கூச்சத்தால் சொல்கிற பொய்யை இங்கே யாரும் பொய் என்று எண்ணுவதே இல்லை. "தமின் சா பிபிலா?" என்று கேட்பார்கள், சாப்பிட்டாயிற்றா என்று பொருள். "சா பிபி", சாப்பிட்டாயிற்று என்போம். வயிறு என்ன சொன்னாலும் வாய் இதைத்தான் சொல்லும்.

2008 மே 2 இரவு நர்கிஸ் புயல். கூரையில் பாதி பறந்துவிட்டது. அரிசி நனைந்து, மூன்றாம் நாள் முளை கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவி மாலையில் வேலியோரம் வந்து "சா பிபிலா?" என்பார். "சா பிபி" என்பேன். திரும்ப நானும் கேட்பேன், அவரும் அதையே சொல்வார். ஆறு நாட்கள் இப்படியே போயிற்று. ஏழாம் நாள் என் சின்ன மகன் குறுக்கே புகுந்து, "இல்லை பாட்டி, நேற்றும் கஞ்சித் தண்ணீர்தான்" என்று பர்மிய மொழியில் போட்டு உடைத்துவிட்டான். கிழவி உள்ளே போனார். அவரிடம் அரைப்படி அரிசி இருந்தது, கொடுத்தால் எங்களிடம் ஒன்றுமில்லை என்று அவர் நினைத்துவிட்டதாக நாங்கள் கூச்சப்படுவோம் என்று கொடுக்காமல் இருந்தாராம். எங்களிடம் உப்பும் கருவாடும் இருந்தன. அவர் வீட்டில் அவை இல்லை. ஆறு நாட்கள் இரண்டு வீடும் மரியாதையாகப் பட்டினி கிடந்தோம்!

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று என் அம்மா சொல்வார். இவ்வளவு நேரடியான பொருளில் சொன்னார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தட்டோன் வாசகர்:

பெகுக்காரருக்கு மனம் நோகலாம், இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் பாட்டி 1964-ஐத் தாங்கியவர். கடை போய், காசு போய், கணவரும் போய், கப்பலேறாமல் நின்றவர். அவரால் 1987-ஐத் தாங்கியிருக்க முடியாதா? தாங்க முடியாதவர் உங்கள் அப்பாதான். தாயின் முகம் வாடுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்பதற்காக மனைவியின் வளையலையும் மகனின் நாக்கையும் அண்டை வீட்டு உறவையும் செலவழித்தார். பிறருக்காகச் சொன்ன பொய் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

நாங்கள் சிறுவயதில் பௌத்த மடத்துப் பள்ளியில் படித்தோம். ஐந்து சீலங்களில் நான்காவது பொய் சொல்லாமை. கொலையையும் களவையும் விட இதற்குத்தான் குழந்தைகளாகிய நாங்கள் பயந்தோம், ஏனென்றால் அன்றன்றைக்குச் செய்ய முடிந்த குற்றம் இது ஒன்றுதான்.

இனி என் கதை. நான் பொய்யே சொல்லாதவன் என்று வெகுநாள் பெருமையடித்தவன். 2021 பிப்ரவரியில், இரவில் வீட்டில் தங்கும் விருந்தாளியின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி மீண்டும் வந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. உள்ளறையில் ஒரு பையன் இருந்தான். யாருடைய மகன் என்று இங்கே எழுத மாட்டேன். "வேறு யாராவது இருக்கிறார்களா?" என்ற கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. என் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற என் மனைவி, "நாங்கள் இருவர்தான்" என்று, உலைநீர் கொதிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். போய்விட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் அதன் நிழலில் நின்றேன். அதற்குப் பிறகு என் பெருமையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. அவளும் அதைக் கிண்டல் செய்வதில்லை. கிண்டல் செய்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும்.

இரண்டு பெயர்க்காரன்:

எனக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறொன்று. நம்மில் பலருக்கு இப்படித்தான். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமையின் தரத்தைக் காட்டும் அட்டை இளஞ்சிவப்பா, நீலமா, பச்சையா என்பதில் வாழ்க்கையே தொங்கியபோது, பிள்ளைக்கு முருகன் பெயரை வைத்து அவனைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று பெற்றோர் நினைத்தார்கள். இதைப் பொய் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

ஆனால் ஒன்று. என்னோடு பதினான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்த பர்மிய நண்பன் ஒருவன் இருக்கிறான். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது பார்க்க வந்தான். அம்மா மயக்கத்தில் என் வீட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். "யாரைக் கூப்பிடுகிறார்?" என்றான். "என்னைத்தான்" என்றேன். அவன் கோபப்படவில்லை. அந்தப் பெயரை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தான், உச்சரிப்பு சரியா என்று கேட்டான். வெளியே போகும்போது, "நான் எதிரி என்று நினைத்தாயா?" என்றான். பதினான்கு ஆண்டுகளில் அவனிடம் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தாகெட்டா அக்கா:

தட்டோன் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. கொதிக்கிற உலையைப் போல அண்ணி சொன்னார் என்கிறீர்கள். அன்று இரவு அவர் தூங்கினாரா என்று கேட்டீர்களா?

பெகுக்காரருக்கு ஒரு கேள்வி: எதிர்வீட்டாரிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவே இல்லையா?

பெகுக்காரன்:

தட்டோன் அண்ணன் எழுதியது உறைத்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. அப்பாவுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டி 1991-இல் இறந்தபோது அந்தப் பணத்தையெல்லாம் தன் விருப்பப்படி செலவழித்துவிட்டுத்தான் போனார். கோயிலுக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கித் தந்தார், என் தங்கைக்குக் காது குத்தினார், சீட்டு நடத்தி இரண்டு பேரை ஏமாற்றவும் செய்தார். நான்கு ஆண்டுகள் அவர் வீட்டில் ராணி மாதிரி இருந்தார். இதை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவது, அண்ணே?

அக்கா கேட்டதற்கு வருகிறேன். சொன்னேன். அப்பா காலமான பிறகு, பீலிக்கான் கோயில் திருவிழாவில் எதிர்வீட்டுத் தாத்தாவின் மகனைப் பார்த்தேன். அவர் இப்போது யாங்கோனில் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, வளையல், மூக்குக்கண்ணாடி, வழுக்கை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். சாம்பாரைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். பிறகு, "உன் அப்பா எவ்வளவு வட்டி கட்டினார்?" என்றார். சொன்னேன். "அடப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று விளங்கவில்லை.

கை கழுவும் இடத்தில் என் தோளைப் பிடித்தார். "எங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, தம்பி. இத்தனை ஆண்டுகள் உங்கள் வீட்டைச் சபித்தே காலம் தள்ளிவிட்டாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம் என்று வைத்திருக்கிறாள். அது வீண் என்று தெரிந்தால், அப்புறம் யாரை நோவாள்?"

தலையாட்டிவிட்டேன். சென்ற பொங்கலுக்குப் பெகுவுக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். ஆச்சி என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.