பசங்களுக்கு ஆன்லைன்ல பாட்டு: உங்க வீட்ல நடந்ததைச் சொல்லுங்க

கொலுப்படி

போன நவராத்திரில நடந்தது. இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இந்தத் திரி.

பொண்ணு நாலாவது படிக்கிறா. ரெண்டு வருஷமா ஆன்லைன் பாட்டு கிளாஸ். வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம். சரளி, ஜண்டை, அலங்காரம்னு ஸ்வரப் பயிற்சி எல்லாம் முடிச்சு, கீதம்ங்கிற சின்னப் பாட்டுகளுக்கு வந்தாச்சு. ஷிவ்குமார் டாட் ஆர்க்ங்கிற கர்நாடக சங்கீத வெப்சைட்ல இருந்து ஸ்வர நொட்டேஷன் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வச்சிருக்கேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, அதையும் சொல்லிடறேன். என் காதுக்கு அவ நல்லாத்தான் பாடறா.

பக்கத்து பிளாக் மாமி வீட்டுக் கொலு. "ஒரு பாட்டு பாடு கண்ணா"ன்னு மாமி போன்ல சுருதி ஆப்பைத் திறந்து (பாட்டுக்குப் பின்னாடி தம்புரா மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தம்), அஞ்சு கட்டை உயரத்துல வச்சுக் கொடுத்தாங்க. மலஹரி ராகத்துல ஒரு கீதம் ஆரம்பிச்சா. ரெண்டு வரி போச்சு. முகம் கோணுது. டக்குனு நிறுத்திட்டு, "மாமி, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், பாட வரல"ன்னா.

சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. மாமி சிரிக்கல, என்னைப் பார்த்தாங்க. அணைச்சதும் அவ பாட்டுக்கு முழுசாப் பாடி முடிச்சா, சுண்டல் வாங்கிட்டு வந்தோம். சுருதியே வேணாம்னு சொல்ற அளவுக்கு ரெண்டு வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்டா? டீச்சர்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

அரங்கன்தெரு

கொலுப்படி, டீச்சரைக் கேக்கறதுக்கு முன்னாடி, டீச்சர் நாற்காலியில உக்காந்திருக்கறவ சொல்றதையும் கேளுங்கோ.

எனக்குக் காலம்பற 6 மணிக்குக் கலிபோர்னியாக் குழந்தைகள். அவாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். கூடச் சேர்ந்து பாடறதுங்கறதே கிடையாது. என் குரல் போய் அது குரல் திரும்பி வரதுக்குள்ள தாளம் நழுவிடும். நான் பாடி நிறுத்தணும், குழந்தை பாடணும், நான் வாயை மூடிண்டு தொடையில தட்டிண்டிருக்கணும். நேர்ல பாதிப் பாடம் கூடப் பாடியே ஏறிடும். இங்கே அந்தப் பாதி இல்லை.

ஒரு பையன், ஏழு வயசுல சேர்ந்தான். அந்தந்த நேரம் ஸ்வரத்தைக் கற்பனையா கோத்துப் பாடற கல்பனாஸ்வரம் எல்லாம் அப்படி விழும். பதிமூணு வயசு ஆனப்போ திடீர்னு கேமராவை அணைச்சுட்டான். "நெட் ஸ்லோ மாமி"ன்னான். மூணு வாரம் அப்படியே. மேல் ஸட்ஜத்துக்கு (மேல இருக்கற 'ஸ') போறப்பல்லாம் சத்தம் அறுந்துடும், நானும் நெட்டுதான்னு இருந்துட்டேன். நெட் இல்லை, தொண்டை. குரல் உடைஞ்சு, பழைய அஞ்சு கட்டையிலேயே முட்டி முட்டிப் பாடிண்டிருந்திருக்கான். நாலாவது வாரம் அவம்மா மெசேஜ்: "அவன் இனிமே பாடலையாம்."

எதிர்ல உக்காந்திருந்தா கழுத்து நரம்பைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும். கட்டையை இறக்கி, கீழ் ஸ்வரங்கள்லயே வச்சுண்டு கொஞ்ச மாசம் ஓட்டியிருப்பேன். அந்தக் கறுப்புச் சதுரத்துல அவன் பேர் மட்டும் வெள்ளையா எழுதியிருக்கும், அதுதான் இப்பவும் கண்ணுல நிக்கறது.

வயர்மேன்77

சிஸ்டர், உங்க பொண்ணு மேலயும் தப்பில்ல, டீச்சர் மேலயும் தப்பில்ல. வீடியோ கால் ஆப் எல்லாமே பேச்சுக்காகச் செஞ்சது. ஏத்த இறக்கம் இல்லாம ஒரே மாதிரி ஓடுற சத்தம் வந்தா அது ஃபேன், ஏசின்னு நினைச்சு அழிச்சிடும். தம்புராவும் அதே ரகம் தானே? டீச்சர் பக்கத்துல ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்திருக்கும், உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஆப் துடைச்சுப் போட்டிருக்கும். எதுக்கும் டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்க. கூச்சப்படாதீங்க.

என் கதை சின்னது. பையன் வயலின். ஒரு நாள் மேல் தந்தியில நீளமா ஒரு பஞ்சமம் ('ப' ஸ்வரம்) இழுத்தான், அந்தப் பக்கம் சார் "ஏன்டா நிறுத்திட்ட?"ங்கிறார். இவன் இழுத்துக்கிட்டே இருக்கான். அழுதுட்டான்.

அப்புறம் தோண்டித் தோண்டிக் கண்டுபிடிச்சது இதெல்லாம். ஜூம்ல "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு ஒண்ணு இருக்கு, அதை செட்டிங்ஸ்ல ஆன் பண்ணணும், அப்புறம் கிளாஸ் நடக்கும்போது ஒரு பட்டன் வரும், அதையும் அமுக்கணும். முக்கியம்: யார் சத்தம் போகணுமோ அவங்க பக்கத்துல ஆன் பண்ணணும். நீங்க மட்டும் பண்ணினா டீச்சர் தம்புரா வந்துடாது. ஆன் பண்ணினா எதிரொலியும் வரலாம், அதனால ரெண்டு பேரும் இயர்போன் போடணும். வயர் வச்சது. புளூடூத் வேண்டவே வேண்டாம், அது தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். சுருதிப் பெட்டி குழந்தை பக்கமும் தனியா ஓடணும், டீச்சர் வச்ச அதே கட்டையில. ராடல் கம்பெனி எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருந்தா நல்லது, இல்லன்னா பழைய போன்ல ஆப் போதும், ஆனா கிளாஸ் நடக்குற போன்லயே ஓட விடாதீங்க. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு பாடக் கூடாது, புத்தக அடுக்கு மேல சாய்ச்சு வைங்க. வைஃபை ரூட்டர் இருக்கிற ரூம்லயே உக்கார வைங்க. ரூம்ல பெட்ஷீட் ஒண்ணு தொங்க விட்டா எதிரொலி குறையும். ஒரு யூபிஎஸ்ஸும்...

பள்ளிக்கூடமணி

வயர்மேன் சார், போதும்! சுருதிக்குத் தனி போன், கிளாஸுக்குத் தனி போன். எங்க பள்ளிப் பசங்க வீட்ல மொத்தமே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குப் போனா கூடப் போயிடும்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில அறிவியல் ஆசிரியர். பாட்டுக்குன்னு எங்க பள்ளியில ஆள் கிடையாது. அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டின்னு வந்ததும் தனிப்பாட்டுக்கு எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு கை தூக்குச்சு. "யார்கிட்ட கத்துக்கிட்ட?"ன்னேன். "யூடியூப் சார்." ராத்திரி அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் போனை வாங்கி, வேகத்தை 0.75ல வச்சு, வரி வரியா எழுதிக்கிட்டுப் படிச்சிருக்கு.

சாயங்காலம் ஒத்திகை. பாடுது பாருங்க, வராண்டாவுல போன பசங்க நின்னுட்டாங்க. ரெண்டாவது சரணத்துக்கு நடுவுல, ஒரு வார்த்தை பாதியில நிக்குது. வாயை மூடி, கண்ணை எங்கேயோ வச்சு, அஞ்சாறு நொடி சும்மா நிக்குது. அப்புறம் விட்ட எழுத்துல இருந்து சரியா எடுத்துப் பாடி முடிச்சிடுச்சு. மறந்துடுச்சோன்னு மறுபடி பாடச் சொன்னேன். அதே இடம், அதே நிறுத்தம்.

"ஏம்மா அங்க நிக்கிற?"ன்னேன்.

"அங்க விளம்பரம் வரும் சார்."

அந்த இடைவெளியை எடுக்க எங்களுக்கு நாலு நாள் ஆச்சு. போட்டியன்னைக்கு நிக்காமதான் பாடுச்சு, ஆனா அந்த இடம் வந்ததும் மூச்சை இழுத்துப் பிடிச்சது எனக்கு மட்டும் தெரிஞ்சுது. பரிசு இல்ல.

கொலுப்படி அம்மா, கோவிச்சுக்காதீங்க. டீச்சரே இல்லாம கத்துக்கிற புள்ளைங்களும் இருக்காங்க. பள்ளி ஹைடெக் லேப் கம்ப்யூட்டர்ல குரோம் மியூசிக் லேப்ங்கிற வெப்சைட்டைத் திறந்து, ஒலியைப் படமாக் காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம்ல பசங்க குரலையே கோடு கோடாப் பார்க்க வச்சேன். லாகின் கேக்காது, காசும் இல்ல. ஒலியியல் பாடம் அன்னைக்குத்தான் உருப்படியா நடந்துச்சு. ஆனா பாட்டுச் சொல்லித் தர அது போதாது, அதுவும் தெரியும்.

மாடிவீடு

நம்மது கீபோர்டு. லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துற டிஜிட்டல் கிரேடு பரீட்சை, வீடியோ எடுத்து அனுப்பணும், நடுவுல வெட்டி ஒட்டக் கூடாது, எல்லாம் ஒரே மூச்சுல. பதினோராவது டேக். முதல் ரெண்டு பீஸும் பிசிறில்லாம வந்து, மூணாவதுல கடைசி நாலு பார் (தாளக் கட்டம்) பாக்கி. தெருவுல குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வருது. பையன் நிறுத்தல. குப்பை வண்டிப் பாட்டோட தாளத்துக்கு மாறி, அழகா முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தான். கை தட்டறதா திட்டறதான்னே தெரியல.

நல்லூர்ப்பிள்ளை

எங்கட வீட்டுக் கதையையும் கேளுங்கோ. இலங்கையில 2022 பங்குனிக் கடைசி, மார்ச் முடியிற நேரம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோலும் இல்லை, சங்கீத ரீச்சர் வரேலாது. மகள் அப்ப ஒன்பதாம் ஆண்டு, பாடசாலையில கர்நாடக சங்கீதம்தான் எடுத்தவள். அரசாங்கத்தின்ர பாடப்புத்தகம் பிடிஎஃப்பா இருந்தது, கரண்ட் வந்த நேரத்தில போனில இறக்கிப் போட்டம். வைபர் ஆப்பில ரீச்சர் குரல் அனுப்புவா, அது பாதி நேரம் இறங்காது. அப்ப பிடிஎஃப்தான் ரீச்சர்.

மெழுகுதிரியில இருந்து பாடமாக்கினாள். மாயாமாளவகௌளை 15ஆவது மேளம் (தாய் ராகம்), அதின்ர ஸ்வரங்கள் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம், ஒண்டும் பிழைக்கேல்லை. மூண்டு மாதத்தால ரீச்சர் சைக்கிளில வந்தா. "ஆரோகணம் எடு பிள்ளை" எண்டா. இவள் வாய்ப்பாடு மாதிரி "ஸரிகமபதநிஸ" எண்டு ஒரே மூச்சில ஒப்புவிச்சாள். ரீச்சர், "பாடு அம்மா" எண்டா.

"பாடவும் வேணுமோ ரீச்சர்?" எண்டு கேட்டாள். பகிடிக்கில்லை, உண்மையாத்தான் கேட்டவள்.

ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லை. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, ஸட்ஜத்தில இருந்து திரும்பத் தொடங்கினா.

அரங்கன்தெரு

வயர்மேன், எல்லாம் சரி, ஆனா பெட்ஷீட் எல்லாம் வேண்டாம். குழந்தைக்கு அது தூங்கற ரூம்.

பள்ளிக்கூடமணி சார், அந்தப் பெண் குழந்தை இப்போ பாடறாளா? பாடினா எனக்கு ஒரு வரி தட்டி விடுங்கோ. காசெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு யாரும் இல்லை.

கொலுப்படி

எல்லாருக்கும் நன்றி. பள்ளிக்கூடமணி சார், கோவம் இல்ல.

கூச்சத்தை விட்டுட்டு டீச்சர்கிட்ட பேசினேன். நாங்க வச்சிருக்கிற ஆப்லயும் வயர்மேன் சார் சொன்ன மாதிரி ஒண்ணு இருக்கு, டீச்சருக்கே தெரியாதாம். அவங்க பையனைக் கூப்பிட்டு ஆன் பண்ணச் சொன்னாங்க. நான் இங்க வயர் இயர்போன் தேடி எடுத்து மாட்டி விட்டேன்.

பொண்ணு ரெண்டு நிமிஷம் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம் இயர்போனைக் கழட்டிட்டு என்கிட்ட கேக்கறா, "அம்மா, மிஸ் வீட்ல ஏதோ மெஷின் வாங்கியிருக்காங்களா?"

மிஸ் காதுல விழுந்துடுச்சு. ஸ்கிரீனுக்கு வெளியில கையை நீட்டி, தம்புராப் பெட்டியைத் தூக்கிக் காமிச்சாங்க. மூலையெல்லாம் தேஞ்சு, பட்டன் மேல எழுத்தெல்லாம் அழிஞ்சு போன பழைய பெட்டி.