அல்லியம்: மொட்டு விரியும் முன்பே இலை மஞ்சளாகிறது, அழுகலா?

கேள்வி (ஸ்காபரோ, கனடா):
சென்ற அக்டோபரில் முன்வளவில் 'பர்ப்பிள் சென்சேஷன்' அல்லியக் கிழங்குகள் (ஊதாப் பந்துபோலப் பூக்கும் அலங்கார வெங்காய வகை) நட்டேன். ஏப்ரலில் இலைகள் செழிப்பாக வந்தன. இப்போது மே நடுப்பகுதி, பூந்தண்டு முழங்கால் உயரத்தில் மொட்டோடு நிற்கிறது. ஆனால் எல்லாச் செடிகளிலும் இலை நுனி மஞ்சளாகிக் காய்கிறது. கூரைப் பீலியின் தண்ணீர் விழும் மூலையில் இரண்டு செடிகள் அடியோடு சாய்ந்துவிட்டன. உரம் போடவா, தண்ணீர் கூட்டவா? இலையுதிர்காலத்தில் அதே பாத்தியில் உள்ளி (பூண்டு) ஊன்றவும் நினைத்திருக்கிறேன்.

மறுமொழி (ஒட்டாவா):
இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். நுனி காய்வது நோயே அல்ல. இதன் தாயகம் ஈரான். கோடை வறட்சி தொடங்குமுன் கிழங்கில் உணவைச் சேர்த்துவிட்டு உறங்கப்போகும் செடி. பூக்கும்போதே இலை வாடத்தான் செய்யும். வெட்டாதீர்கள், அடுத்த ஆண்டுப் பூ அந்த இலையில்தான் இருக்கிறது. முற்றாகக் காய்ந்தபின் இழுத்தால் தானாகக் கையோடு வரும். கண்ணுக்கு உறுத்தினால் முன்னால் ஹோஸ்டா போன்ற அகன்ற இலைச் செடி நட்டு மறையுங்கள். தண்ணீர் கூட்டவே வேண்டாம்.

சாய்ந்தவற்றில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். அடியில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சையும் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகளும் இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்:
தோண்டினேன் அக்கா. கிழங்கு கூழாகி நாறுகிறது. பூஞ்சையும் இல்லை, கறுப்பு மணியும் இல்லை.

மறுமொழி (ஒட்டாவா):
தப்பினீர்கள். அது வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை நோயாக இருந்திருந்தால் அந்தக் கறுப்பு மணிகள் மண்ணில் 20 ஆண்டுகள் வரைகூடக் கிடக்கும். அந்தப் பாத்தியில் உள்ளி, வெங்காயம் எதையும் நினைக்கவே முடியாது. உங்களுடையது தண்ணீர் தேங்கியதால் வந்த அழுகல் போலத்தான் தெரிகிறது. அழுகியதை எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. பீலித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். உள்ளியை மேடான இடத்தில் ஊன்றுங்கள். உள்ளியும் அல்லியமும் ஒரே பேரினம், நோயும் பூச்சியும் பொது, ஆகவே வேறு பாத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் நாய் இருந்தால் தோண்டிய கிழங்கை வெளியே போட்டு வைக்காதீர்கள், அதற்கு நஞ்சு.

இடையில் ஒரு கேள்வி (கோயம்புத்தூர்):
இந்த ஊதாப் பந்துப் பூ எங்கள் மொட்டைமாடியில் வருமா?

மறுமொழி (ஒட்டாவா):
வராது. பூக்க வேண்டுமானால் கிழங்கு பல வாரங்கள் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். ஆசைக்கு வாங்கினால் இலை மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பதில் துல்பாகியா வையுங்கள்: தென்னாப்பிரிக்கச் செடி, ஊதாப் பூ, இலையைக் கசக்கினால் பூண்டு மணம். வெயில் தாங்கும், தொட்டியிலும் வளரும்.